அக்காவுக்கு விழுந்த சிவப்புக் கோடு

அந்த முடிவு கைக்கு வந்த அன்று எங்கள் ஆய்வகத்தில் ஒருவருக்கும் தலைகால் புரியவில்லை. நான் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து நின்று குதித்தேன். காரைக்காலில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் நான். நுண்ணுயிரியலில் முதுகலை படித்தவள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தாய். குதிக்கிற வயசா என்று கேட்டால் இல்லைதான். என் குணம் அப்படி. சந்தோஷம் வந்தாலும் சத்தம், கோபம் வந்தாலும் சத்தம்.

"மெதுவாம்மா, கண்ணாடி சாமானெல்லாம் இருக்கு" என்றார் மேடம். எங்கள் கூடத்தின் தலைமை மருத்துவர் அவர். சொன்னாரே ஒழிய அவருக்கும் வாயெல்லாம் பல்.

விஷயம் எலிக்காய்ச்சல். மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் வயல் தண்ணீரில் கலக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும். சிலருக்கு நாலு நாள் காய்ச்சலோடு விட்டுவிடும். சிலருக்குக் கண் மஞ்சளாகி, சிறுநீரகம் படுத்து, ஆளையே கொண்டுபோய்விடும். இதைக் கண்டுபிடிக்கத் தலைவலியான ஒரே ஒரு வழிதான் இருந்தது. ரத்தம் எடுத்து வெளியூர்ப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுத்து அனுப்ப வேண்டும். பதில் வருவதற்குள் நோயாளி ஒன்று பிழைத்து வீட்டுக்குப் போயிருப்பார், இல்லை என்றால் போய்ச் சேர்ந்திருப்பார்.

எங்களிடம் வந்திருந்ததோ உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதன் குழியில் ஒரு சொட்டு ரத்தம், மேலே இரண்டு சொட்டு மருந்து. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பதில். மேலே ஒரு கோடு எப்போதும் விழும். அட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இன்னொரு சிவப்புக் கோடு விழுந்தால் எலிக்காய்ச்சல். அவ்வளவுதான், படிக்காதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

இந்த அட்டை எவ்வளவு நம்பகமானது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. நோய் உறுதியானவர்களின் ரத்தம் ஒரு பக்கம், நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களின் ரத்தம் ஒரு பக்கம். முதல் பக்கத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் கோடு விழுந்தது. மறுபக்கத்தில் அநேகமாக ஒருவருக்கும் விழவில்லை. குதிக்காமல் என்ன செய்வேன்? மேடம் அதை எழுதிப் பெரிய கருத்தரங்கில் படிக்கப் போவதாகவும், மாவட்டத்தில் எல்லா சுகாதார நிலையத்திலும் இந்த அட்டையை வைக்கப் பரிந்துரைக்கப் போவதாகவும் சொன்னார். மிச்சமிருந்த அட்டைகளில் கொஞ்சத்தைக் காய்ச்சல் வார்டுக்கும் அனுப்பிவைத்தார்.

நோயாளிகளின் ரத்தம் கிடைப்பதில் சிரமமே இல்லை. போன மழையில் வார்டில் படுத்து, எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானவர்களின் ரத்தம் எங்கள் உறைபெட்டியில் இருந்தது. எல்லாரும் பூவம் பக்கத்து ஆட்கள், சுற்றுவட்ட வயல்காட்டு ஆட்கள். ஆரோக்கியமானவர்களுக்குத்தான் அலைந்தோம். சும்மா இருக்கிறவனைக் கூப்பிட்டு ரத்தம் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? அப்போது கோடை. வயல் ஊர்களில் பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது, வெயில் ஏறுவதற்குள் எல்லாரும் காட்டில் இருந்தார்கள். அப்போதுதான் மேடத்துக்கு அந்த யோசனை வந்தது.

"மீன்பிடித் தடைக்காலம்தானே? பட்டினச்சேரிக்குப் போவோம். படகெல்லாம் கரையில, ஆளெல்லாம் வீட்டுல."

ஆகா என்ன யோசனை என்று நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். போனால், பந்தல் போட்டு உட்கார்ந்து வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர்கள் வரிசையாக வந்து கையை நீட்டினார்கள். தேக்குக் கட்டை மாதிரிக் கைகள். "பாத்து எடுங்கம்மா, இது சுறாவை இழுக்குற கை" என்று ஒருவர் சொல்ல, பக்கத்திலிருந்தவர், "ஊசியைப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிறான் பாருங்க, சுறாவாம்ல" என்றார். ஒரே சிரிப்பு. ஒரே காலையில் எங்களுக்கு வேண்டிய ரத்தம் அத்தனையும் கிடைத்துவிட்டது. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்ட பெருமையோடு நான் திரும்பி வந்தேன்.

இப்போது அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மூத்தவள், ஒரே அக்கா. பூவத்தில் வாழ்க்கைப்பட்டவள். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மற்ற நாளில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூட்டத்தோடு போவாள். நான் கல்லூரிக்குப் போனதே அவள் பிடித்த பிடிவாதத்தால்தான். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டவள், இன்றைக்கும் என் வீட்டுக்கு வந்தால் முதல் காரியமாக என் அடுப்படியைக் குறை சொல்பவள். அவளுக்கு ஒன்று என்றால் என் கையும் ஓடாது, காலும் ஓடாது.

ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தலத்தெருவுக்கு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். அன்றைக்கு நாள் முழுக்க அட்டையின் பிரதாபம்தான். மேடத்திடம் கேட்டு வாங்கி வைத்திருந்த அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினேன். முதலில் என் விரலைக் குத்தி எனக்குப் போட்டேன். மேல் கோடு மட்டும் விழுந்தது. "பாத்தியாக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"எனக்கும் போடேன்டீ" என்று விரலை நீட்டினாள். வாயில் முறுக்கு.

நான் டீ போடப் போனேன். திரும்பி வந்தால் அட்டையில் இரண்டு கோடு. கீழே விழுந்த கோடு லேசாகக்கூட இல்லை. குங்குமத்தால் இழுத்த மாதிரி அப்படி ஒரு சிவப்பு.

டீயைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் ஓடினேன். நெற்றியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. கண்ணை விரித்துப் பார்த்தேன். கெண்டைக்காலை அமுக்கி வலிக்கிறதா என்றேன். "வுடுடி கூசுது" என்று காலை இழுத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்ததா, போன வாரம், போன மாதம், எப்போதாவது? "எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்றாள். மறுநாள் வேறு ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அவள் நன்றாகத்தான் இருந்தாள். அட்டைதான் அவளை நோயாளி என்றது.

மேடத்திடம் சொன்னேன். "எந்தப் பரிசோதனையும் எப்பவாவது தப்பும்மா. ஒரு ஆளை வச்சு முடிவு பண்ண முடியுமா?" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

மண்டையில் உறைத்தது பேருந்தில். ஊரில் மழை பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே முழங்கால் சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வருஷா வருஷம் இந்தத் தண்ணீரில் நிற்கிறாள் என்று நினைத்தேன். இந்தக் கிருமி அவள் உடம்புக்குள் எத்தனை தரம் வந்து போயிருக்கும்? ஒரு தும்மல்கூட இல்லாமல் போயிருக்கும். ஆனால் அதை எதிர்த்து நின்றதன் தடம் ரத்தத்தில் தங்கியிருக்கும். அட்டை பார்ப்பது கிருமியை அல்ல, அந்தத் தடத்தை.

அடுத்த நிமிஷம் நான் பேருந்திலேயே "ஐயோ!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "ஸ்டாப்பு போயிடுச்சா?" என்றார்.

பட்டினச்சேரிக்காரர்கள் கடலில் நிற்பவர்கள். உப்புத் தண்ணீரில் இந்தக் கிருமிக்குப் பிழைப்பில்லை. வயல் சேற்றில் கால் வைக்காதவர்களுக்குத் தடம் எங்கிருந்து வரும்? நாங்கள் நோயாளிகளை வயலிலிருந்து எடுத்தோம், ஆரோக்கியமானவர்களைக் கடற்கரையிலிருந்து எடுத்தோம். அட்டை பிரித்துக் காட்டியது காய்ச்சல்காரரையும் நல்ல உடம்புக்காரரையும் அல்ல, வயல்காரரையும் கடல்காரரையும்! அதற்கு அட்டை எதற்கு, காலைப் பார்த்தாலே சொல்லிவிடலாமே! தடைக்காலமும் பருத்தி எடுப்பும் ஒன்றாக வருகிற எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கே இந்தத் தப்பைப் பண்ண முடியும்?

அன்றைக்கு நான் மேடத்தின் அறைக்குள் போன வேகத்தில் கதவு சுவரில் இடித்தது. மூச்சு வாங்கச் சொன்னேன். அதோடு விடவில்லை. மங்கலாக விழுந்த கோடுகளை என்ன செய்தோம் என்று கேட்டேன். டியூப் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். வார்டு டியூப் என்றால் "லேசா இருக்கு, ஆனா இருக்கு" என்போம். பட்டினச்சேரி டியூப் என்றால் "சும்மா நிழல்" என்போம். யாரும் பொய் சொல்லவில்லை, கண் அப்படித்தான் பார்த்தது.

மேடத்தின் முகம் இறுகியது. "ஒரு வருஷ உழைப்பும்மா இது. நீ பேருந்துல உக்காந்து யோசிச்சதுக்காகத் தூக்கிப் போடச் சொல்றியா?"

"போடத்தான் மேடம் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவர் யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன்.

கார்த்திகையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

உள்ளூரில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். விடவில்லை. மச்சான் எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்து சேர்த்தார். அன்று நான் பிள்ளையின் பள்ளிக்கூட விழாவுக்காக விடுப்பில் இருந்தேன். சேதி கேட்டு வார்டுக்கு ஓடி வருவதற்குள் அட்டையைப் போட்டுப் பார்த்திருந்தார்கள். இரண்டு கோடு.

"எலிக்காய்ச்சல்தாங்க, பயப்படாதீங்க. ஊசி ஆரம்பிச்சாச்சு" என்றார் வார்டு டாக்டர். நல்ல மனிதர், பொறுமைசாலி. மேடம் கொடுத்த அட்டை என்றால் அவருக்கு வேதவாக்கு.

அந்தப் பதற்றத்தில் நானும் எதையும் யோசிக்கவில்லை. எலிக்காய்ச்சல் வந்திருக்கவும் கூடும்தானே? ஆனால் ஊசி மேல் ஊசி ஏறியும் அக்காவின் சூடு இறங்கவில்லை. மறுநாள் அவளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. என்னைப் பார்த்து, "அடுப்புல பால் வச்சியே, இறக்கிட்டியா?" என்றாள். எந்த அடுப்பு, எந்தப் பால்? அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இவள் போய்விடுவாளோ என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். கட்டில் ஓரத்தில், வார்டுச் சீட்டோடு சேர்த்து அந்த அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டைப் பார்த்தேன். அதே குங்குமச் சிவப்பு.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல!

"சார், இந்தக் கோடு இவளுக்குப் புதுசு இல்ல சார்! போன மாசம் நல்லா இருக்கறப்பவே விழுந்துச்சு. முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா சார்! இந்த அட்டை இவளைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை. வேற என்னன்னு பாருங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் என்னை, அட்டையை, அக்காவை மாறி மாறிப் பார்த்தார். "ஆய்வுல அவ்வளவு நல்லா..." என்று ஆரம்பித்தார்.

"ஆய்வே தப்பு" என்று பின்னால் ஒரு குரல். மேடம். என் சத்தம் மாடி வரைக்கும் போயிருக்கிறது. "அவ சொல்றது சரி. அட்டையை மறந்துடுங்க. முதல்லேருந்து பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே கையுறையை மாட்டினார்.

சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, மேடமும் நானும் அக்காவைத் தலையிலிருந்து பார்த்தோம். காதுக்குப் பின்னால், கழுத்து, கக்கம். பாவாடை நாடாவைத் தளர்த்தியபோது இடுப்பில், நாடா அழுந்துகிற வரியில் ஒரு பொருக்கு. பட்டாணி அளவு, கறுப்பு, சிகரெட்டால் சுட்ட மாதிரி. நாடா அழுந்திக் கறுத்த தழும்புக்கு நடுவே அது இருந்ததால் பார்த்தவர்கள் கண்ணில் படவில்லை. வலித்திருக்காது, அக்காவும் நாடாப் புண் என்று நினைத்திருப்பாள்.

"உண்ணிக்காய்ச்சல்" என்றார் மேடம். அந்தப் பொருக்கைப் பார்த்தே கேட்டார்: "அடிப்பாவி, இங்க ஒளிஞ்சிருக்கியா?"

புதர்ப் பக்கம் இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடித்து வருகிற காய்ச்சல் அது. கடித்த இடத்தில் இப்படிக் கறுப்புப் பொருக்கு விழும். எலிக்காய்ச்சலுக்குப் போடுகிற அந்த ஊசி இதைத் தொடக்கூடத் தொடாது. இதற்கு உண்டான மருந்து மலிவானது, எந்த மருந்துக் கடையிலும் கிடைப்பது. அன்றைக்கே ஆரம்பித்தார்கள். மறுநாள் நான் போனபோது சூடு இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து, மச்சான் கொண்டுவந்த கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடித்தாள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். என் பங்குக்குச் சத்தமாகத்தான்.

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார். கருத்தரங்குக்கு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார். "உங்க அக்காவுக்காக நீ கத்துன. நீ இல்லாத அக்காங்களுக்கு யாரு கத்துவா? திரும்ப முதல்லேருந்து செய்வோம். ஒழுங்கா செய்வோம். வர்றியா?"

வருகிறேனாவா! எனக்கு மறுபடியும் குதிக்க வேண்டும் போலிருந்தது. மேஜையில் கண்ணாடிக் குழாய்கள் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இந்தத் தடவை யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. காய்ச்சல் என்று வாசலில் வந்து நின்றவர்களை, வந்த வரிசையிலேயே சேர்த்துக்கொண்டோம். கடல்காரரோ வயல்காரரோ கடைக்காரரோ, எல்லாரையும். அவர்களுக்கு வந்தது எலிக்காய்ச்சலா வேறு காய்ச்சலா என்பதை வெளியூர் ஆய்வகம் தனியாகச் சொல்லும். அட்டையில் என்ன விழுந்தது என்பது அந்த ஆய்வகத்துக்குத் தெரியாது. அதோடு, நல்ல உடம்போடு இருக்கிற வயல்காட்டு ஆட்களும் வேண்டும் என்று மேடம் உறுதியாக இருந்தார். கோட்டைப் படிக்கிற வேலை எனக்கு. ஆனால் என்னை ஒரு மூலை அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். அட்டைகள் வெறும் எண்ணோடு மட்டும் வரும். யாருடையது, எந்த ஊர், காய்ச்சல் உண்டா இல்லையா, ஒன்றும் எனக்குத் தெரியக் கூடாது. மங்கலோ நிழலோ, கண்டதைச் சொல்ல வேண்டும். எதையும் தூக்கிப் போடக் கூடாது.

வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அது ஒரு தண்டனை. கதவுக்கு வெளியே பேச்சுச் சத்தம் கேட்டால் காதைத் தீட்டிக்கொள்வேன். "யாரு வந்திருக்கா?" என்று கத்துவேன். "வாயை மூடிக்கிட்டுக் கோட்டைப் பாரு" என்று பதில் வரும். ஆனால் போகப் போக அந்த அறை எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு அட்டையும் வரும்போது நெஞ்சு படபடக்கும். என்னிடம் சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை, கண் மட்டும்தான்.

ஒருநாள் ஒரு அட்டை வந்தது. இரண்டாவது கோடு அப்படியொரு சிவப்பு. அன்றைக்கு வந்ததிலேயே அழுத்தமான கோடு அதுதான். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ, எப்படித் துவண்டு கிடக்கிறதோ, நேரத்துக்கு வந்து சேர்ந்தார்களோ இல்லையோ என்று நினைத்துக்கொண்டேன். "கோடு இருக்கு, நல்லா அழுத்தமா" என்று எழுதிக் கொடுத்தேன். அன்று முழுக்க அந்த முகம் தெரியாத ஆளுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த நடவு சமயத்தில் எந்த எண் யாருடையது என்று பிரித்துப் பார்த்தோம். அட்டையின் பழைய பெருமை இறங்கிவிட்டது. ஒரேயடியாக உதவாத அட்டை என்றும் இல்லை. கோடு விழாவிட்டால் ஓரளவு நம்பலாம், விழுந்தால் இன்னும் தேட வேண்டும். சின்ன பதில், ஆனால் நிஜமான பதில். மேடம் மேஜையைத் தட்டி, "இதைத்தாம்மா நான் போய்ப் படிக்கப் போறேன்!" என்றார். இந்தத் தடவை கண்ணாடிச் சாமானைப் பற்றி அவருக்கே கவலையில்லை.

"மேடம், ஒரு அட்டை வந்துச்சே, ரொம்ப அழுத்தமா. அந்த ஆளு பொழைச்சாங்களா?" என்று கேட்டேன். எண்ணைச் சொன்னேன். மறந்தால்தானே.

மேடம் தேடிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. "காய்ச்சல் இல்லாதவங்க வரிசை. பூவம். உங்க அக்கா."

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் பின்னால் தண்ணீர் சளசளக்கிற சத்தம், பெண்களின் பேச்சு.

"ஏக்கா, நீ ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுத்தியா?"

"ஆமாண்டி. நடவுக் கூட்டத்தையே கூட்டிக்கிட்டு வந்தேன். நீ கதவுக்கு அந்தப் பக்கம் கத்திக்கிட்டு இருந்த, கேட்டுச்சு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீ வாசனை பிடிச்சிருவியேன்னு தலையில இருந்த பூவைக்கூட எடுத்துப் பையில வச்சுக்கிட்டேன்."

அவளுக்காகத்தான் அன்று முழுக்க வேண்டியிருக்கிறேன். அவள் கதவுக்கு வெளியே பூவைப் பையில் வைத்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி நின்றிருக்கிறாள்.

"என்னடி, சத்தத்தையே காணோம்? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள் அக்கா. "சரி வை, கையில நாத்து இருக்கு."